சங்கத்து சிம்

அம்சவேணியின் சமையலறையில் மிக்சி தரையில் இருந்தது. அது இருக்க வேண்டிய மேடையில், ஜன்னலை ஒட்டி, நேரு பிளேஸில் வாங்கிய பழைய லேப்டாப் ஒன்று திறந்து கிடந்தது. அதிலிருந்து கிளம்பிய ஒயர் ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய செல்போனில் போய் முடிந்தது. தில்லி கிட்வாய் நகரின் அந்தத் தரைத்தள குவார்ட்டர்ஸில் அவள் போனுக்கு சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்த ஜன்னல்தான். அதிலும் மூன்றாவது கம்பி. நான்காவது கம்பிக்கு நகர்த்தினால் போய்விடும்.

அது 2008. செல்போனை ஒயரில் மாட்டி அதன் வழியாக இணையத்துக்குப் போகிற காலம். அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது யாராவது அந்த போனுக்குக் கூப்பிட்டால் இணையம் அறுந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி நடக்கப்போகிற அற்பத்தனம் முழுவதும் இந்தச் சின்ன விஷயத்தை வைத்து நடந்ததுதான்.

அம்சவேணி திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரி. பி.எஸ்சி. கணிதம் படித்தவள். 1987-ல் பரமசிவத்தைக் கட்டிக்கொண்டு தில்லியில் வந்து இறங்கினாள். பரமசிவத்துக்கு மத்திய அரசின் அமைச்சகம் ஒன்றில் அசிஸ்டென்ட் வேலை. தானும் வேலைக்குப் போகிறேன் என்று அவள் நான்கு முறை கேட்டாள். நான்கு முறையும் அவர் "பாக்கலாம்" என்றார். பார்க்கவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டு அவள் ரயில்வே கால அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தாள். ஊர் ஏக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கணக்குப் படித்த மூளைக்கு அந்த வீட்டில் போட்டுப் பார்க்க வேறு கணக்கு கிடைக்கவில்லை.

எந்த ரயில் எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிஷம் நிற்கும், வெயிட்டிங் லிஸ்டில் எத்தனாவது எண் வரை தேறும், எந்த மாதம் எந்தக் கிழமை கூட்டம் குறையும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பதினைந்து வருஷம் காலனிக்கே இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு கணவரைக் கேட்காமல் தன் பெயரில் ஏஜென்ட் உரிமம் வாங்கினாள். முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற மாணவர்கள், துவாரகா ஃபிளாட்டுக் குடும்பங்கள், காலனிக்காரர்கள் என்று முந்நூறு பேர் சேர்ந்தார்கள். "டிக்கெட் அக்கா" என்று அத்தனை பேர் போனிலும் அவளுடைய ஒரே எண்தான் இருந்தது.

அந்த எண்தான் சங்கத்து எண்.

சங்கத்தின் பெயர் தலைநகர் உறவோர் நலச் சங்கம். பெயரில் சாதி கிடையாது. கிடையாது என்பதைத் தலைவர் ஜம்புலிங்கம் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மேடையேறிப் பெருமையாகச் சொல்வார். கேட்டுக் கைதட்டுகிற இருநூறு குடும்பமும் ஒரே சாதி. ஜம்புலிங்கம் அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கோப்புகளில் சமத்துவம் என்ற சொல்லை எழுதி எழுதி அலுத்துப்போன மனிதர். ஓய்வு பெற்ற மறுமாதமே அந்த அலுப்பைப் போக்கிக்கொள்ளச் சங்கத்துக்குத் தலைவரானார். செயலாளர், பரமசிவம்.

ஊரில் இவர்களுக்குத் தெரு இருந்தது. தங்கள் தெருவில் யார் செருப்புப் போட்டு நடக்கலாம், யார் கூடாது என்று தீர்மானித்தார்கள். தில்லியில் அரசாங்கம் குவார்ட்டர்ஸைச் சம்பள வரிசைப்படி கொடுத்துத் தொலைத்துவிட்டது. மாடியில் யார், பக்கத்தில் யார் என்பது இவர்கள் கையில் இல்லை. இருபது வருஷம் அந்த வேதனையை உள்ளுக்குள் வைத்துப் புழுங்கினார்கள். கடைசியில் ஒரு போன் கம்பெனி வந்து தீர்த்துவைத்தது. காற்றில் ஒரு தெரு கிடைத்தது.

ஜம்புலிங்கத்தின் மருமகன் அந்தக் கம்பெனியின் ஏஜென்சி எடுத்திருந்தார். சங்கத்துக்கென்று தொடர் வரிசையில் சிம் கார்டுகள் வந்தன. முதல் ஏழு இலக்கமும் எல்லோருக்கும் ஒன்று. கடைசி மூன்று மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். வரிசைக்குள் யார் யாரைக் கூப்பிட்டாலும் இலவசம். தலைவர் ஒன்று, அவர் மனைவி இரண்டு, செயலாளர் மூன்று, அவர் மனைவி நான்கு. இந்த நான்கைப் பரமசிவம் ஏதோ பட்டம் மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்து அம்சவேணியிடம் கொடுத்தார். கொஞ்ச நாளில் கல்யாண வீடுகளில் "உங்களுது எத்தனையில முடியுது?" என்று கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். இருபதுக்குள் முடிகிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். படித்தவர்கள். மத்திய அரசுத் தேர்வு எழுதித் தேறியவர்கள்.

சங்கம் ஒரு டைரக்டரி போட்டது. வரன் தேடுகிறவர்களுக்கு அதுதான் வேதம். டைரக்டரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு விதி: எந்தக் குடும்பமாவது வேறு கம்பெனி இணைப்பு வைத்திருந்தால் அந்தக் குடும்பத்தின் பெயர் நீக்கப்படும். மருமகனின் வியாபாரத்தைக் காப்பாற்றுகிற விதி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். இருநூறு பேர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார்கள். பரமசிவம் ஒருபடி மேலே போய், இனி இது எதற்கு என்று வீட்டு லேண்ட்லைனையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

தெற்கு தில்லியில் அந்தக் கம்பெனிக்கு டவர் குறைவு. அதை யாரும் கேட்கவில்லை.

கலியன் அந்தக் காலனியின் குழாய் வேலைக்காரர். குவார்ட்டர்ஸில் எது பழுதானாலும் புகார் எழுதிக் கொடுக்கிற இடத்துக்கு என்கொய்ரி என்று பெயர். அங்கே பதினெட்டு வருஷமாக இருந்தார். அவரும் விழுப்புரம் மாவட்டம்தான், வேறு சாதி. சங்கத்துக்காரர்கள் ஊரில் தங்கள் தெருவுக்குள் விடாத சாதி. இலவச அழைப்பு என்று கேள்விப்பட்டு, வீட்டுவேலைக்குப் போகிற மனைவி செங்கம்மாளுக்கும் தனக்குமாக இரண்டு சிம் வாங்கலாம் என்று அவர் ஒரு சாயங்காலம் பரமசிவத்திடம் வந்தார்.

"சீரீஸ் முடிஞ்சிருச்சு கலியா," என்றார் பரமசிவம்.

மிச்ச சிம்கள் சமையலறை அலமாரியில், ஒரு பழைய ஆர்லிக்ஸ் பாட்டிலுக்குள் இருந்தன. அம்சவேணி அடுப்படியில் நின்று இதைக் கேட்டாள். குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். தொடர்ந்து கிண்டினாள்.

அது நடந்து ஒன்றரை வருஷத்துக்குப் பிறகுதான் ஒரு ஜூன் மாதம் கலியன் அவளிடம் டிக்கெட்டுக்கு வந்தார். மகள் இளவரசிக்குச் சென்னையில் நர்சிங் படிப்பு சேர்க்கைக்குக் கடிதம் வந்திருந்தது. அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை மதியத்துக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்கு. கடிதம் வந்து சேர்ந்ததே தாமதம். சாதாரண டிக்கெட் எல்லா ரயிலிலும் நிரம்பிவிட்டது. தத்கால்தான் வழி. பயணத்துக்கு ஐந்து நாள் முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கும். எட்டு ஐந்துக்குள் முடிந்துவிடும்.

கலியன் சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கே போய் சரோஜினி நகர் ரிசர்வேஷன் கவுன்ட்டரில் நின்றிருந்தார். வரிசையில் பதினொன்றாவது ஆள். நான்காவது ஆளோடு டிக்கெட் முடிந்தது. அதற்குப் பிறகுதான் அம்சவேணியிடம் வந்தார்.

"செங்கம்மாவும் பொண்ணுந்தாம்மா போவணும். ரெண்டு பேரு. எனக்கு லீவு தரல."

"நாளைக்குக் காலைல வெள்ளிக்கிழமை ரயிலுக்குத் திறக்கும். நாளன்னைக்குச் சனிக்கிழமை ரயிலுக்கு. ரெண்டு சான்ஸ் இருக்கு," என்றாள் அம்சவேணி. "பேர் வயசு எழுதிக் குடுங்க."

சனிக்கிழமை ரயிலையும் விட்டால் அப்புறம் போய்ப் பயனில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கே அவள் மேடைக்கு வந்துவிட்டாள். போனை மூன்றாவது கம்பியில் கட்டினாள். செங்கம்மாள், வயது நாற்பத்திரண்டு, பெண். இளவரசி, வயது பதினெட்டு, பெண். பெயர், வயது, ஆணா பெண்ணா. ரயில்வே படிவம் அதற்கு மேல் யாரைப் பற்றியும் எதையும் கேட்பதில்லை. எட்டு அடித்ததும் அழுத்தினாள். திரையில் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அந்தக் கம்பெனியின் இணையம் எப்போதும் அப்படித்தான், எருமை தண்ணீருக்குள் இறங்குகிற வேகம். ஆனாலும் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பெர்த் காட்டியது. பணம் கட்டுகிற பக்கம் பாதி வந்தது.

போன் அடித்தது. வட்டம் நின்றுவிட்டது.

"என்னம்மா அம்சவேணி, ஜம்புலிங்கம் பேசறேன்."

"ஐயா, எட்டு மணி. தத்கால் நேரம். நான் அப்புறம் கூப்புடறேனே."

"ஒரு நிமிஷந்தாம்மா. ஃப்ரீ கால்தானே, ஏன் பதறுற? அந்த ஜூலை டிக்கெட்ல எனக்கு லோயர் பெர்த்தா, மிடிலா?"

"டிக்கெட்லயே போட்டிருக்குங்கய்யா."

"கண்ணாடி உள்ள இருக்கும்மா. நீயே சொல்லிடு."

மூன்று நாள் முன்னால் கையில் கொடுத்த டிக்கெட். உள்ளே இருக்கிற கண்ணாடியை எடுத்துவர எழுந்திருக்க வேண்டும். எழுந்திருப்பதைவிட ஒரு பொம்பளையின் எட்டு மணியைப் பிடுங்குவது அவருக்குச் சுலபம். அவர் ஒருவர் மட்டும் இல்லை. இலவசம் என்று வந்த நாள் முதல் அந்த வரிசை முழுவதும் அப்படித்தான் அவளைக் கூப்பிட்டது. புக் ஆச்சா என்று, ரயில் எந்தப் பிளாட்பாரம் என்று, புளிசாதம் கட்டினால் மறுநாள் வரை தாங்குமா என்று. காசு கொடுத்துக் கூப்பிடுகிற முனிர்கா பையன்கள் மட்டும்தான் எட்டு மணிக்குக் கூப்பிடக் கூடாது என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஒருமுறை அவள் காலை நேர அழைப்புகளைப் பரமசிவத்தின் போனுக்குத் திருப்பிவிட்டுப் பார்த்தாள். செயலாளர் வீட்டில் தலைவரின் அழைப்பையே திருப்பிவிடுகிறார்கள் என்று செயற்குழுவில் அது ஒரு பொருளாக வந்தது. அரை மணி நேரம் விவாதித்தார்கள். பரமசிவம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, இனி அப்படிச் செய்யாதே என்று அவளிடம் சொன்னார்.

"லோயர்," என்றாள் அம்சவேணி. போனை வைத்துவிட்டு மறுபடி இணைத்து, மறுபடி உள்ளே போனபோது மணி எட்டு ஏழு. வெயிட்டிங் லிஸ்ட் நூற்றுப் பதினாறு.

மதியம் கலியன் வந்தார். பைப் ரிஞ்சு கையில். வாசல்படியிலேயே நின்றார்.

"இன்னாம்மா, கெடச்சிதா?"

"இல்லைங்க. நடுவுல போன் வந்துருச்சு. நெட் கட்டாயிருச்சு. உள்ள வாங்க."

உள்ளே வந்து, ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த போனைப் பார்த்தார். குழாய்க்காரரின் பார்வை, எங்கே ஒழுகுகிறது என்று தேடுகிற பார்வை.

"சங்கத்து சிம்முங்களா?"

"ஆமா."

தன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். "இத்தப் பாருங்க. சிக்னலு ஃபுல்லு கட்டை. இந்தக் கம்பெனி டவரு நம்ம பிளாக்குக்குப் பின்னாலயே, மார்க்கெட்டு மாடில நிக்கிது. எங்க என்ஜினியர் சாரு இதுலதான் கம்ப்யூட்டர் பாக்குறாரு. பறக்குதும்மா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நல்லவேள, ஐயா எனக்கு அந்த சிம்மு குடுக்கல."

சிரித்தார். அம்சவேணிக்கு முகம் சுட்டது.

"சீரீஸ் முடிஞ்சிருச்சுன்னு அவரு..."

"சொன்னாரும்மா. மறுநாளுதான் உங்க சிங்க்குக்கு வேஸ்ட் பைப் மாத்த வந்தேன். படுத்துக்கினுதான செய்யணும் அந்த வேல? மேல பாத்தேன். ஆர்லிக்ஸ் பாட்டிலு. கவரு கவரா சிம்மு."

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே நீங்க."

"கேட்டு? இல்லன்னவருகிட்ட இருக்குன்னு சொல்றதா? பைப்ப மாட்டிட்டுப் போயிட்டேன்." ரிஞ்சைத் தோளில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு ஒருவாட்டி பாருங்க. இல்லாட்டி அன்ரிசர்வ்லயே போவட்டும். நான் தில்லிக்கு வந்தது அப்படித்தான, கக்கூசுகிட்ட குந்திக்கினு. ஆனா ஜூன் மாசம். ஏறவே முடியுமான்னு தெரில."

அவர் போன பிறகு அம்சவேணி அலமாரியிலிருந்து பாட்டிலை இறக்கினாள். கவிழ்த்து எண்ணினாள். முப்பத்தொன்பது. ஒன்றரை வருஷமாக அதன் பக்கத்தில்தான் கடுகு டப்பா. தினம் கை போகிற இடம். தனக்குத் தெரியும் என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். சங்கத்துக்காரர்களைப் பார்த்து மனசுக்குள் காறித் துப்பியதெல்லாம் நினைவுக்கு வந்தது. துப்பிவிட்டு அந்த நான்காம் எண்ணிலேயே பேசிக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

பாட்டில் சிம் ஒன்றை இணையத்துக்கென்று தனியாக வைத்துக்கொள்ளலாம் என்றால், அதற்கு உயிர் கொடுக்க ஜம்புலிங்கத்தின் மருமகனிடம்தான் போய் நிற்க வேண்டும். கம்பெனி மாற்றுவதும் அவளுக்கு எளிதில்லை. எண்ணை மாற்றாமல் கம்பெனி மாற்றுகிற வசதி அப்போது வரவில்லை. எண் போனால் முந்நூறு பேரும் போவார்கள். திரும்ப எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்ல முடியாது. அதில் பாதிப்பேர் சங்கம். அவர்கள் நிச்சயம் வர மாட்டார்கள். இருபது வருஷம் கழித்துத் தன் கையால் உண்டாக்கிய ஒரே வேலை. மாற்றாவிட்டால் நாளைக் காலையும் எட்டு மணிக்கு யாராவது புளிசாதம் பற்றிக் கேட்பார்கள். இந்தக் கணக்கை அவள் மூன்று தரம் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் சனிக்கிழமை ரயிலில்தான் வந்து நின்றது.

மதியச் சாப்பாட்டு வேளையில் சொன்னாள்.

"ஏங்க, நான் கம்பெனி மாத்தப் போறேன்."

பரமசிவம் ரசத்தை அப்படியே வைத்தார். "எந்தக் கம்பெனிக்கு?"

"கலியன் வச்சிருக்காரே, அது."

"அவன் வச்சிருக்கானாம்! அவன் வச்சிருக்கிறதப் பாத்து நாம மாத்தணுமா?"

"சிக்னல் ஆளப் பாத்து வர்றதில்லைங்க."

"அம்சா, உறுதிமொழில கையெழுத்துப் போட்டிருக்கேன். வீட்ல வேற கனெக்‌ஷன் இருந்தா குடும்பத்தையே டைரக்டரிலேருந்து எடுத்துருவாங்க. அந்த விதிய எழுதினதே நான்தான்."

"அதான் அவ்வளவு லட்சணமா இருக்கு."

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற மகள் கனிமொழி சிரித்துவிட்டாள். தில்லியில் பிறந்தவள், தமிழைப் பேசுவாள், படிக்க மாட்டாள்.

"நீ சிரிக்காத. உனக்குத்தான் நாளைக்கு வரன் பாக்கணும். டைரக்டரில பேர் இல்லன்னா எவன் வருவான்?"

"பப்பா, போன் நம்பர் பாத்து வர்ற லட்கா எனக்கு வேணாம். அவனுக்கும் சிக்னல் வராது."

"பாட்டில்ல முப்பத்தொன்பது சிம் இருக்கு," என்றாள் அம்சவேணி. "கலியன் பாத்துட்டாரு. நீங்க இல்லன்னு சொன்ன மறுநாளே."

பரமசிவத்தின் முகம் மாறியது. வெட்கம் வருகிறதா என்று அம்சவேணி பார்த்தாள். இருபத்தோரு வருஷ வாழ்க்கையில் அவள் அவரிடம் எதிர்பார்த்த கடைசி விஷயம் அதுதான்.

"ஆபீஸ்ல யார்கிட்டயாவது சொல்லியிருப்பானா?" என்றார் அவர். "எஸ்.சி. கமிஷன் அது இதுன்னு எழுதிப் போட்டுட்டா ப்ரமோஷன் நேரத்துல வம்பு."

அம்சவேணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கை கழுவியதும் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சரோஜினி நகர் மார்க்கெட்டில் கால் வைக்க இடம் இல்லை. ஏலக் குரல்களுக்கும் குவியல் துணிகளுக்கும் நடுவில் ஒரு மொபைல் கடை. தன் வாக்காளர் அட்டை, இரண்டு போட்டோ. கடைக்காரர் எண்களின் பட்டியலை நீட்டினார். நல்ல எண் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"எதுவானாலும் சரி, பையா. ஜல்தி சாலூ ஆகணும்."

"ஷாம் தக் ஹோ ஜாயேகா, பெஹன்ஜி." சாயங்காலத்துக்குள் ஆகிவிடுமாம்.

எந்த வரிசையிலும் சேராத ஒரு எண் கிடைத்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு அதில் உயிர் வந்தது. போனை மூன்றாவது கம்பியில் கட்டப் போனவள், நிறுத்திவிட்டு, மேடையின் மேலேயே வைத்துப் பார்த்தாள். கட்டைகள் நிறைந்து நின்றன. மிக்சியைத் தரையிலிருந்து எடுத்து மேடையில் வைத்தாள். லேப்டாப்பைக் கூடத்து மேஜைக்குக் கொண்டுபோனாள். அங்கேயும் நிறைந்து நின்றன. அன்று மாலை முழுக்கத் தன் பழைய நோட்டைப் பார்த்து முனிர்காவுக்கும் துவாரகாவுக்கும் புது எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பிக்கொண்டிருந்தாள். சங்கத்துக்காரர்களுக்கு அனுப்பவில்லை.

திங்கள் காலை. சங்கத்து சிம்மை ஒரு பழைய போனில் போட்டு ஃபிரிட்ஜின் மேல் வைத்திருந்தாள். பரமசிவம் ஆபீஸுக்குக் கிளம்பி, கிளம்பாமல், கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். எட்டு அடித்தது. அழுத்தினாள். ஃபிரிட்ஜின் மேல் போன் அலறியது.

"எடுங்க. உங்க தலைவராத்தான் இருக்கும்."

பரமசிவம் எடுத்தார். "ஐயா, வணக்கம்... இருக்கா... இல்லைங்கய்யா, கொஞ்சம் வேலையா... புளிசாதமா?"

மேஜையில் வட்டம் ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றவில்லை. பணம் கட்டுகிற பக்கம் வந்தது, போனது. எட்டு மணி இரண்டு நிமிஷம். எஸ்-7, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. செங்கம்மாள். இளவரசி. உறுதி.

கலியனைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"எந்த கோச்சும்மா?" என்றார். சொன்னாள். "சரிம்மா, சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன். இங்க வால்வு புடுங்கிக்கிச்சு," என்று வைத்துவிட்டார். நன்றி என்று நீட்டி முழக்கவில்லை. அதற்காக அவளுக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

பிறகு ஃபிரிட்ஜின் மேலிருந்த போனைத் திறந்து, சிம்மை நகத்தால் நெம்பி எடுத்து, பரமசிவத்திடம் நீட்டினாள்.

"பாட்டில்ல போட்டு வைங்க. நாப்பதாயிருச்சு. இனிமே சீரீஸ் முடிஞ்சிருச்சுன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

செயற்குழு அடுத்த ஞாயிறே கூடியது. குடும்பத்தின் பெயரை நீக்கத் தீர்மானம். தீர்மானங்களை எழுதுவது செயலாளர் வேலை என்பதால், பரமசிவம் தன்னை நீக்குகிற தீர்மானத்தைத் தானே எழுதி, தானே வாசித்து, தானே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கையெழுத்து அழகாக இருந்தது என்று ஜம்புலிங்கம் பாராட்டினாராம். அதை வீட்டில் வந்து சொன்னார் மனிதர்.

அம்சவேணியின் வேலை இரண்டு மாதம் பாதியாகிப் போனது. பிறகு முனிர்காவிலிருந்து மெல்ல ஏறியது. என்கொய்ரி ஆபீஸ் தமிழர்கள் வந்தார்கள், அவர்கள் சொல்லி கட்டட வேலைக்காரர்கள் வந்தார்கள். இதுவரை எந்த ஏஜென்ட்டிடமும் போகாதவர்கள். இளவரசி சேர்ந்துவிட்டாள். ஹாஸ்டலிலிருந்து தீபாவளிக்கு வர இப்போதே சொல்லி வைத்தாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் புது எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தது. முதல் ஏழு இலக்கத்தைப் பார்த்ததுமே யாருடைய வரிசை என்று தெரிந்தது; முடிவில் தலைவரின் ஒன்று. எங்கெங்கோ கேட்டு எண்ணைப் பிடித்திருக்கிறார். வரிசைக்கு வெளியே கூப்பிட்டால் நிமிஷத்துக்குக் காசு.

"அம்சவேணி, ஜம்புலிங்கம். ரெண்டு டிக்கெட். செப்டம்பர் பன்னண்டு. லோயர்."

"பேரு, வயசு சொல்லுங்க ஐயா."

சொன்னார்.

"வேற எதாச்சும்?"

"வேற ஒண்ணும் இல்ல," என்று அவசரமாக வைத்துவிட்டார். இருபத்தாறு வினாடி ஆகியிருந்தது.